பேட்டரியா, போனா?

ஐபோன் 17 அறிவிப்பு வந்த நாளிலிருந்து கை பரபரக்கிறது. 256 ஜிபி, அறிமுக விலை 82,900 ரூபாய். முன்பெல்லாம் விலை கூடிய ப்ரோ மாடலுக்கு மட்டும் கொடுத்த, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும் 120 ஹெர்ட்ஸ் திரையை இந்த முறை சாதா மாடலிலேயே வைத்துவிட்டார்கள். அங்கேதான் சபலம்.

என்னிடம் இருப்பது நாலு வருஷத்துப் போன். தாம்பரத்தில் ரயில் ஏறும்போது சார்ஜ் 100 காட்டும். மாம்பலம் தாண்டுவதற்குள் 71. கோட்டையில் இறங்கி டீ குடிக்க, யுபிஐக்காவது மிச்சம் வை என்று அதைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. லித்தியம் பேட்டரி ஏறி இறங்கித் தேயத்தான் செய்யும், அதைத் திட்டி என்ன செய்ய?

சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைத்தம்பி சார்ஜர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஊசியால் ஒரு பஞ்சு உருண்டையை நோண்டி எடுத்து மேஜையில் வைத்தார். அத்தனையும் என் சட்டைப்பை நூல்!

"போன் நல்லாத்தாண்ணா இருக்கு. பேட்டரி மட்டும் மாத்துங்க, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

சரி என்று மாற்றிவிட்டேன். 2,200 ரூபாய். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால், "அப்போ மிச்சம் 80,700 எங்கே?" என்கிறாள் மனைவி.