மணல் மேடு சும்மா கிடக்கவில்லை

சிங்கப்பூரின் சாங்கிப் பக்கம் கடலைத் தூர்க்கும்போது நிரப்பிய நிலத்தின் மேல் கூடுதலாக மணலைக் குவித்துவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவோம். லாரி வராது, ஆள் நடமாட்டமும் குறைவு. "என்ன அண்ணே, வேலை நின்னுபோச்சா?" என்று சைட்டுக்குப் புதிதாக வந்த அறந்தாங்கித் தம்பி ஒருவர் கேட்டார். நிலத்தின் அசைவை அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "இல்லை தம்பி, இப்போதுதான் வேலை மும்முரமாக நடக்கிறது, காலுக்குக் கீழே" என்றேன்.

கீழே இருப்பது மரீன் கிளே. நீலம் கலந்த சாம்பல் நிறக் கடற்களிமண். துளைபோட்டு எடுத்த மாதிரியைக் குழாயிலிருந்து வெளியே தள்ளி விரலால் அமுக்கினால் பள்ளம் விழும், பிசைந்தால் குழையும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வடியாது. இத்தனைக்கும் மேலடுக்கில் 1 கிலோ காய்ந்த மண்ணுக்கு 700, 800 கிராம் தண்ணீர் இருப்பது சகஜம். தண்ணீர் நிறைய இருக்கிறது, வெளியேறத்தான் வழி இல்லை.

மணல் வழியாக நீர் ஓடும் வேகத்தைப் பிரான்ஸின் டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி அளந்து 1856-இல் எழுதினார். அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும், கடக்க வேண்டிய தூரம் கூடினால் குறையும். அந்த விதி களிமண்ணுக்கும் பொருந்தும். என்ன, துளைகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் நீர் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே அதிகம்.

மேலே மணலைக் கொட்டியதும் அந்தப் பாரத்தை முதலில் தாங்குவது மண்துகள் அல்ல, துளைகளில் சிக்கியிருக்கும் தண்ணீர். அது கசியக் கசியத்தான் பாரம் துகள்களுக்கு மாறும், துகள்கள் நெருங்கும், நிலம் இறங்கும். இதைக் கணக்காக்கி 1925-இல் புத்தகமாகப் போட்டவர் மண் பொறியாளர் கார்ல் டெர்சாகி. அவர் கணக்குப்படி வடியும் காலம், தண்ணீர் கடக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் தடிமனான களிமண்ணிலிருந்து தண்ணீர் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டிலும் வடிந்தால்கூடப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அதற்குத்தான் பிவிடி, அதாவது களிமண்ணுக்குள் செங்குத்தாக இறக்கும் வடிகால் பட்டை. பத்து சென்டிமீட்டர் அகலம், சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளாஸ்டிக் பட்டை, சுற்றிலும் வடிகட்டித் துணி. எஃகுக் குழாய்க்குள் வைத்து, சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் களிமண்ணின் அடிவரை இறக்குவார்கள். 10 மீட்டர் மேலேற வேண்டிய தண்ணீர், பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குள் பட்டையைச் சேர்ந்துவிடும். பல பத்தாண்டு வேலை ஓரிரு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது.

இதில் என்னை இன்றும் பிடித்து வைத்திருப்பது ஒன்று உண்டு. தண்ணீர் போகப் போக, அது போகும் வழியே சுருங்குகிறது. துகள்கள் நெருங்கினால் துளை சிறுத்துவிடும், அதனால் கடைசியில் வரும் நீர் முதலில் வந்ததைவிட மெதுவாகத்தான் வரும். குழாயை இறக்கும்போது பட்டையைச் சுற்றிக் களிமண் கலங்கி, அங்கேயும் துளைகள் அடைபடும். நிலம் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இறங்கும்போது பட்டையும் கூடவே மடங்கும். காகிதத்தில் போட்ட கணக்கு சைட்டில் அப்படியே வராததற்கு இவையெல்லாம் காரணம்.

நிலம் இறங்கும் அளவைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து, "இறக்கக் கோடு படுத்துவிட்டது, மேட்டை எடுக்கலாமே" என்று கூட்டத்தில் யாராவது அவசரப்படுத்துவார்கள். கால அட்டவணையின் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனாலும் களிமண்ணுக்குள் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரைப் பார்க்காமல் நான் தலையாட்டுவதில்லை. உள்ளே கூடுதல் அழுத்தம் பாக்கி இருந்தால் இறக்கமும் பாக்கி என்றே பொருள். அது பிறகு சாலையிலும் குழாய் இணைப்பிலும் தலைகாட்டும், கட்டடத்தைத் தாங்கும் அடித்தளத் தூண்களான பைல்களையும் கீழே இழுக்கும்.

பீசோமீட்டர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் முனை களிமண்ணோடு சேர்ந்து இறங்குகிறது. 1 மீட்டர் இறங்கியிருந்தால் சுமார் 10 கிலோபாஸ்கல் அழுத்தத்தை வெறும் ஆழத்தால் கூடுதலாகக் காட்டும். முதலில் அதைக் கழிக்க வேண்டும், அப்புறம் கடல் ஏற்றவற்றத்தின் பங்கைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் போக மிஞ்சுவதை வைத்துத்தான் மேட்டை எடுக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று பேச ஆரம்பிப்போம்.