பாஸ்பரஸ் யார் உடம்பில் இருக்கிறது?

பாசி பெருகிக் குளம் பச்சையானால் எல்லோரும் முதலில் தேடுவது, பாசிக்குச் சத்தான பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது, எந்தச் சாக்கடை கலக்கிறது, எந்த வயலின் உரம் வந்து சேர்கிறது என்றுதான். தேட வேண்டியதுதான். கல்லூரிப் பிள்ளைகளோடு குளத்துத் தண்ணீரை நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. கூடவே இன்னொன்றையும் கேளுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன்: இங்கே யாரை யார் தின்கிறார்கள்?

இதற்கு ட்யூஸ்டே ஏரியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், விஸ்கான்சின் எல்லையை ஒட்டிய சின்ன ஏரி அது. 1985-இல் ஏரி ஆய்வாளர்கள் ஸ்டீபன் கார்ப்பெண்டர், ஜேம்ஸ் கிட்செல் குழுவினர் பக்கத்திலிருந்த பீட்டர் ஏரியின் பெரிய லார்ஜ்மவுத் பாஸ் என்னும், பொடிமீன்களைத் தின்னும் மீன்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தைப் பிடித்து இதில் விட்டார்கள். இங்கிருந்த மின்னோ என்னும் பொடிமீன்களில் பெரும்பகுதியை வாரி அங்கே கொண்டுபோனார்கள். ஒரு பிடி உரம்கூடப் போடவில்லை.

ட்யூஸ்டேயில் பொடிமீன் குறைந்ததும், அவை தின்னும் டாஃப்னியா என்ற பொடி நீர்வாழ் உயிர் பெருகியது, பாசி குறைந்தது. டாஃப்னியா பாசியைத் தின்றது என்பது பாதிக் கதைதான்.

டாஃப்னியாவை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். உடம்பு கண்ணாடி மாதிரி. முதுகுப்பக்கம் இதயம் படபடவென்று அடிக்கும், அதற்குப் பின்னால் பையில் முட்டைகள், குடலில் தின்ற பாசி பச்சைக் கோடாகத் தெரியும். மளமளவென்று வளரும் உயிர். அந்த வேகத்துக்கு, புரதம் செய்ய உதவும் ஆர்.என்.ஏ. நிறைய வேண்டும், அதற்குப் பாஸ்பரஸ் வேண்டும். அதனால் தின்ற பாஸ்பரஸை உடம்பிலேயே வைத்துக்கொண்டு நைட்ரஜனைத்தான் அதிகம் வெளியே விடும். அதன் உடம்பில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 14 நைட்ரஜன் அணுக்கள். கோப்பிபாடு என்னும் இன்னொரு வகைப் பொடி நீர்வாழ் உயிர்களில் இது பெரும்பாலும் 30-ஐத் தாண்டும். அவை பாஸ்பரஸைத் தாராளமாகத் தண்ணீருக்கே திருப்பிவிடும். டாஃப்னியாவின் கை ஓங்கினால் பாசிக்குப் பாஸ்பரஸ் பஞ்சம், கோப்பிபாடின் கை ஓங்கினால் நைட்ரஜன் பஞ்சம் என்று ஜேம்ஸ் எல்சர் குழு 1988-இல் எழுதியது.

வளர்ந்த பாஸ் மீன் பாசியைத் தொடுவதில்லை. ஆனாலும் பாசிக்கு எந்தச் சத்து கிடைக்கும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. அதற்குப் பயந்து பொடிமீன்கள் கரையோரம் பதுங்கினால், கரையில் மேய்ந்துவிட்டு நடு ஏரியில் கழிவு விடுவதும் குறைந்துபோகும்.

அதற்காக நம் கண்மாயில் விரால் விட்டால் தண்ணீர் தெளிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வெப்பமான ஊர்களில் பொடிமீன்கள் ஆண்டின் பெரும்பகுதி குஞ்சு பொரிக்கும். பெரிய டாஃப்னியா தலைதூக்கவே முடியாது. ஜிலேபி மீன் வேறு பாசியை நேராகவே தின்னும், அடி மண்ணையும் கிளறும். ஆனால் பாடுபட்டுத் தூர்வாரிய குளத்தில் கையில் கிடைத்த மீனைக் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உங்கள் ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆள் வந்தால், அன்றைக்கே வலையும் போடச் சொல்லுங்கள். விரால் எத்தனை, கெண்டை எத்தனை, ஜிலேபி எத்தனை என்று பாஸ்பரஸ் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.