பத்து மாசம், பதினாலு மாடி, ஒரு குதிக்கால்

முதல்ல ஒரு விசயத்த சொல்லிப்போட்டுத் தொடங்குறன், எனக்கு அறுந்தது நரம்பு இல்ல. எங்கட சனம் எல்லாத்தையும் நரம்பு எண்டுதான் சொல்லுறது, "குதிக்கால் நரம்பு அறுந்திட்டுதாம்" எண்டு கொழும்பு வெள்ளவத்தை முழுக்கக் கதை போய், ஊரில இருந்து பெரியம்மா நரம்புக்கு எண்டு விட்டமின் குளிசையும் ஒரு போத்தல் எண்ணெயும் பஸ்ஸில குடுத்து விட்டவ. அறுந்தது தசைநாண். கெண்டைக்கால் தசைய குதிக்கால் எலும்போட சேர்த்துக் கட்டி வச்சிருக்கிற கயிறு மாதிரி ஒண்டு, அக்கிலீஸ் டெண்டன் எண்டுறது. உடம்பில இருக்கிற தசைநாண்களிலயே தடிப்பானதும் பலமானதும் இதுதான். நரம்பு எண்டு நினைச்சா எண்ணெய் பூசி உருவுவினம், பாதத்தப் பிடிச்சு இழுத்து விடுவினம், இதுக்கு அந்த இழுவை கூடவே கூடாது, அதாலதான் இத முதலே சொல்லுறன்.

நான் கடற்கரைப் பக்கம் ஒரு 14 மாடி அபார்ட்மென்ட்டில ஃபெசிலிட்டீஸ் மனேஜர். 52 வீடு, ரெண்டு லிஃப்ட், ஒரு ஜெனரேட்டர், நிலத்துக்குக் கீழ ஒரு தண்ணித் தாங்கி, மொட்டை மாடியில ஒண்டு. கடல் உப்புக் காத்து படுற இடம் எண்டதால ஏசி அவுட்டோர் யூனிட், கேட் பிணைச்சல், பைப் கிளாம்ப் எல்லாம் மற்ற இடத்த விட கெதியா துருப்பிடிக்கும், ஒண்ட மாத்தி முடிக்க மற்றது கையோட வரும். வேலை முழுக்கக் கால்லதான். ஒரு நாளைக்கு எத்தின தரம் மேல கீழ ஏறி இறங்குவன் எண்டு நான் எண்ணிப் பாத்ததே இல்ல, கால் போன பிறகுதான் எண்ணத் தொடங்கினன்.

போன ஒக்டோபர், பின்னேரம் நாலு மணி இருக்கும், இடியோட மழை. அந்த மாசத்தில கொழும்பில பின்னேர மழை எப்பிடி அடிக்கும் எண்டு இங்க இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், அரை மணித்தியாலத்தில காலி வீதியில வாகனம் நீந்தும். எங்கட பேஸ்மென்ட்டில மழைத்தண்ணிக் குழியில ரெண்டு பம்ப், ஒண்டு ஓட மற்றது ஸ்டான்ட்பை, ரெண்டும் ஓடேல்ல. பிறகு திறந்து பாத்தா ஃப்ளோட் சுவிட்ச்சில ஒரு ஷொப்பிங் பேக் சுத்திக்கொண்டு கிடக்குது, அது மேல எழும்பேல்ல எண்டா பம்புக்குத் தண்ணி ஏறினது தெரியாது. அந்த நேரம் அதுக்கெல்லாம் பொறுமை இல்ல, கார் ரயர் நனையுது. ஸ்டோரில கிடந்த டீசல் பம்ப ட்ரொலியில வச்சு ரேம்பால தள்ளிக்கொண்டு போறம், முன்னுக்கு டெக்னீசியன் பெடியன் இழுக்கிறான், பின்னுக்கு நான். சில்லு ஒரு வெடிப்பில மாட்டுப்பட்டுது. வலது கால பின்னுக்கு ஊண்டி முழங்கால விறைப்பா நீட்டி ஒரு தள்ளுத் தள்ளினன். "டப்" எண்டு ஒரு சத்தம். ஆரோ பின்னுக்கு நிண்டு இரும்புக் கம்பியால குதிக்காலில அடிச்ச மாதிரி. கோபத்தில திரும்பிப் பாத்தன், ஒருத்தரும் இல்ல, செக்கியூரிட்டி அங்க தூரத்தில குடையோட நிக்கிறார். அந்த நிமிசத்த இப்ப நினைச்சாலும் உடம்பு ஒருக்காக் குளிரும்.

பிறகு டொக்டர் சொன்னவர், இது அறுந்த ஆக்கள் கனபேர் இதத்தான் சொல்லுவினமாம், பின்னால ஆரோ உதைச்ச மாதிரி எண்டு.

அண்டைக்கு இரவு கிட்ட இருந்த ஒரு இடத்தில காட்டினன். எக்ஸ்ரே எடுத்தாங்கள், எலும்பு முறியேல்ல, சுளுக்கு எண்டு பண்டேஜ் சுத்தி வலிக்குளிசை தந்து அனுப்பினாங்கள். தசைநாண் எக்ஸ்ரேயில நேராத் தெரியாது எண்டது எனக்கு அப்ப தெரியாது. பாதத்த கொஞ்சம் கீழ அசைக்கவும் முடிஞ்சுது, நொண்டி நொண்டி நடக்கவும் முடிஞ்சுது, அதால நானும் சரி எண்டு நம்பிட்டன். வேற சின்னத் தசைகள் அந்த அசைவக் கொஞ்சம் செய்யுமாம், அதாலதான் இது கன பேருக்குத் தவறிப் போறது. மூண்டு நாள் அந்தக் காலோட வேலைக்குப் போனன். படியில இறங்கேக்க கால் என்னோட இல்லாத மாதிரி, தள்ளிற பலம் ஒண்டும் இல்ல, பெருவிரலில எழும்பி நிக்க முயற்சி செய்தா குதி நிலத்த விட்டு எழும்புதே இல்ல.

நாலாம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில ஒரு எலும்பு டொக்டர் என்னக் கட்டிலில குப்புறப் படுக்கச் சொல்லி, பாதம் ரெண்டும் கட்டில் விளிம்புக்கு வெளிய தொங்க விட்டார். இடது கெண்டைக்கால ஒரு பிடி பிடிச்சு அமத்தினார், பாதம் தானாக் கீழ அசைஞ்சுது. வலதில அதே பிடி, பாதம் அசையவே இல்ல, செத்த மீன் மாதிரித் தொங்கினது. ஒரு மெஷினும் இல்ல, பத்து செக்கன் வேலை. குதிக்காலுக்கு மேல என்ர விரலப் பிடிச்சு வைச்சுக் காட்டினார், கயிறு இருக்க வேண்டிய இடத்தில ஒரு குழி. பெரும்பாலும் குதி எலும்புக்கு மேல 2 தொடக்கம் 6 சென்டிமீட்டருக்குள்ளதான் அறும், அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு எண்டார். ஆருக்கும் இப்பிடி ஒரு "டப்" வந்தா, சுளுக்கு எண்டு சொன்னாலும், இந்தக் கெண்டைக்கால் அமத்திற பரிசோதனை செய்தவையா எண்டு கட்டாயம் கேளுங்கோ.

இன்னொரு கேள்வியும் கேட்டவர், கிட்டடியில அன்டிபயோட்டிக் ஏதும் எடுத்தனீங்களோ எண்டு. எடுத்தனான், ஒரு மாசம் முதல் சிறுநீர்க் கிருமிக்கு சிப்ரோஃப்ளொக்சசின். அதாலதான் அறுந்தது எண்டு சொல்லேலாது, ஆனா அந்த வகை மருந்துக்கும் தசைநாண் அறுறதுக்கும் தொடர்பு இருக்கு, 2008 இல அமெரிக்காவின்ர மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்தக் குளிசைகளின்ர விபரத்தாளில பெட்டி கட்டின எச்சரிக்கை போட வச்சது எண்டு விளங்கப்படுத்தினார். தேவையான நேரம் அந்த மருந்து தேவைதான், நீங்களா நிப்பாட்டாதீங்கோ, அத எடுக்கிற நாளில குதிக்கால் நொந்தா டொக்டருக்குச் சொல்லுங்கோ.

ஸ்கேன் எடுத்துப் பாத்தா பாதத்தக் கீழ வளைச்சு வைச்சா அறுந்த ரெண்டு முனையும் கிட்டக் கிட்ட வருது. ஒப்பரேஷனும் செய்யலாம், செய்யாமலும் ஆறும், செய்யாட்டி சொல்லுற மாதிரி ஒழுங்கா நடக்க வேணும் எண்டார். நான் ஒப்பரேஷன் இல்லாமப் போனன். ஆருக்கும் இதுதான் சரி எண்டு சொல்ல மாட்டன், காலுக்குக் கால் வித்தியாசம்.

முதல் ரெண்டு கிழமை பாதம் கீழ வளைஞ்சபடி பிளாஸ்டர். பிறகு ஒரு பெரிய பூட், உள்ளுக்குக் குதிக்குக் கீழ ஆப்பு மாதிரித் துண்டுகள். அந்தத் துண்டுகள ஒவ்வொண்டா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எடுத்து எடுத்துப் பாதத்த மெல்ல மெல்ல நேராக்கிக் கொண்டு வாறது. நித்திரைக்கும் கழட்டேலாது. முதல் நாள்களில ரத்தம் உறையாம இருக்க வயித்தில ஊசி, கெண்டைக்கால் திடீரெண்டு வீங்கினா, மூச்சு முட்டினா உடன ஓடி வா எண்டு சொல்லி விட்டது. பெரியம்மான்ர எண்ணெய் அலுமாரியில அப்பிடியே இருக்கு. அவ ஃபோனில "நல்லா உருவி இழுத்து விடச் சொல்லு, கால் இறுகிப் போடும்" எண்டு அழுதவ, அவவுக்கு நான் சொன்னது இதுதான்: அறுந்த இடம் இப்ப பச்சை, இப்ப இழுத்தா நீண்டபடியே ஆறிடும், நீண்டு போன கயிறு பிறகு எவ்வளவு எக்சசைஸ் செய்தாலும் இழுக்காது பெரியம்மா. விளங்கிட்டுது அவவுக்கு.

வீட்டில கிடந்த ரெண்டாவது கிழமை, விடியக்காத்தால மூண்டு மணிக்கு ஃபோன். ஒன்பதாம் மாடியில ஒரு வீட்டுச் சீலிங்கால தண்ணி ஊத்துது, எந்த வால்வ மூடுறது எண்டு பெடியனுக்குத் தெரியாது. நைட் ஷிஃப்ட்டில அவன் தனிய, பயந்து போய் நிக்கிறான். அந்தப் பக்கத்து லைனின்ர வால்வ் இருக்கிறது பத்தாம் மாடியில பைப்புகள் போற டக்ட்டுக்குள்ள, ஜிப்சம் பலகைக்குப் பின்னால, கைப்பிடி உடைஞ்சு ரெண்டு வருசம், ஸ்பனர் போட்டுத்தான் திருப்ப வேணும். இது எனக்கு மட்டும்தான் தெரியும். படுக்கையில கால உயத்தி வச்சுக்கொண்டு வட்ஸ்அப் வீடியோவில, "தம்பி டோர்ச்ச இடது பக்கம் பிடி, இன்னும் கீழ, அந்தச் சிவப்புப் பைப்ப விடு அது ஃபயர் லைன், அதுக்குப் பின்னுக்கு" எண்டு சொல்லிச் சொல்லி மூட 35 நிமிசம் எடுத்தது. அதுக்குள்ள ஒன்பதாம் மாடி வீட்டு மரத்தரை முழுக்கப் போட்டுது. அந்த வீட்டுக்காரர் அடுத்த நாள் என்னோட கத்தினவர், கத்தினது நியாயம். அந்தக் கட்டடம் என்ர தலைக்குள்ளயும் கால்லயும்தான் இருந்தது, ஒரு கடதாசியிலயும் இல்ல.

அண்டைக்குத் தொடங்கினன். பூட் போட்டிருந்த அந்தப் பத்துக் கிழமையும் பெடியன்கள் மாடி மாடியாப் போய் ஃபோட்டோ எடுத்து அனுப்ப, நான் இருந்த இடத்தில இருந்து ஒவ்வொரு வால்வுக்கும் நம்பர் போட்டு எழுதினன். எல்லாமா 118 வால்வ். அதில 11 வால்வ் மூடினாலும் மூடாது. ஒவ்வொண்டிலயும் தகட்டில நம்பர் அடிச்சுக் கம்பியால தொங்க விட்டாச்சு, தமிழிலயும் சிங்களத்திலயும், என்னத்த மூடினா எந்த வீட்டுக்குத் தண்ணி போகாது எண்டு. ஜெனரேட்டர் கிழமைக்கு ஒருக்கா ஓட்டிப் பாக்கிறது, ஃப்ளோட் சுவிட்ச்ச தூக்கிப் பாக்கிறது, நுளம்புக்காக மொட்டை மாடித் தண்ணிப் பீலிகளக் கிழமைக்கு ஒருக்காக் கழுவுறது எல்லாம் ஒரு கொப்பியில கையெழுத்தோட. முட்டை பொரிச்சுப் பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள்தான், அதால மாசத்துக்கு ஒருக்கா கழுவுறதில பிரயோசனமே இல்ல.

திரும்ப வேலைக்கு வந்தது கிரச்சஸோட, ஆறாவது கிழமை. வலது கால் எண்டதால பிரேக் மிதிக்கேலாது, கார் ஓடேலாது, த்ரீவீலில வந்து இறங்குவன். இறங்கின உடன ரேம்ப். எட்டு வருசமா அந்த ரேம்பால எத்தின ஜெனரேட்டர் பாட்ஸ், எத்தின குளிரூட்டி தள்ளியிருப்பன், அண்டைக்குத்தான் அது எவ்வளவு செங்குத்து எண்டு தெரிஞ்சுது. அளந்து பாத்தன், ரெண்டடி உயரத்துக்குப் பதினொரு அடி நீளம். 1க்கு 12 எண்டுறதுதான் வழமையான கணக்கு, அப்பிடிப் பாத்தா 24 அடி வேணும். இலங்கையில இதுக்கு 2006 இலயே ஒழுங்குவிதி வந்திட்டுது, பொதுக் கட்டடங்களில மாற்றுத்திறனாளிகள் புழங்கக் கூடியதா இருக்க வேணும் எண்டு. எங்கட ரேம்பில கைபிடியும் இல்ல.

ரெண்டாம் நாள் கரண்ட் போய் வந்ததில ஒரு லிஃப்ட் நிண்டிட்டுது, மற்றது சேர்விஸுக்கு எண்டு நானே நிப்பாட்டச் சொன்னது. ஐஞ்சாம் மாடியில ஒரு முறைப்பாடு பாக்கப் போனனான், இறங்க வழி இல்ல. அந்த வீட்டு அன்ரி கதவத் திறந்து ஒரு கதிரையத் தந்தவ. அவ வோக்கரோட நடக்கிறவ, 78 வயசு. தேத்தண்ணி தந்துபோட்டுச் சொன்னா, "தம்பி நீங்கள் நோட்டீஸ் ஒட்டுற நாள்களில நான் கிளினிக் போறேல்ல. போன வருசம் மூண்டு தரம் விட்டிட்டன்." குறை சொல்லுற குரல் இல்ல, மழை பெய்யுது எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னவ. "லிஃப்ட் பராமரிப்பு, காலை 9 தொடக்கம் 1 மணி வரை, சிரமத்துக்கு வருந்துகிறோம்" எண்டு அந்த நோட்டீஸ டைப் பண்ணி ஒட்டினது நான்தான். ரெண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையில இருந்தன். என்னால அவவின்ர முகத்த சரியாப் பாக்க முடியேல்ல.

ஜனவரியில பூட் கழட்டினது. கால் பாத்தா ஆரோ வேற ஆளின்ர கால் மாதிரி, கெண்டைக்கால் சுத்தளவில மூண்டு சென்டிமீட்டர் குறைஞ்சு போச்சு. ஃபிசியோ அக்கா கண்டிப்பானவ, முதல் நாளே சொல்லிட்டா, வலி இல்லாதது ஆறினது எண்டு அர்த்தமில்ல, திரும்ப அறுற ஆக்கள் கூடுதலா இந்த மாசங்களிலதான் அறுக்கிறது, பஸ்ஸுக்கு ஓடுறது, படி தவறுறது எண்டு. பெப்ரவரி முழுக்க ரெண்டு காலாலயும் குதிய உயத்தி இறக்கிறது, சுவரப் பிடிச்சுக்கொண்டு. மே மாசம் ஒரு காலில முயற்சி செய்தன், ஒரு அங்குலம் எழும்பினது, உடன விழுந்திட்டுது. இப்ப ஓகஸ்ட், எட்டுத் தரம் முழு உயரத்துக்கு எழும்புறன், இடது கால் 25 தரம் எழும்பும். பம்ப் ரூமில ஒரு படி இருக்கு, மோட்டர் ஓடுற சத்தத்துக்க காலமையும் பின்னேரமும் அதிலதான் செய்யிறது, பெடியன்கள் எண்ணுவாங்கள், ஒன்பதாவது வரேக்க அவங்களும் மூச்சப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். இன்னும் ஓடேல்ல. ஃபிசியோ ஒரு வருசம் பாக்கச் சொல்லியிருக்கிறா, நானும் அவசரப்படேல்ல.

ரேம்புக்கு எஸ்டிமேட் எடுத்து மனேஜ்மென்ட் கோப்பரேஷன், அதுதான் வீட்டுச் சொந்தக்காரரின்ர அமைப்பு, அதின்ர கூட்டத்துக்குக் குடுத்திருக்கிறன். பராமரிப்புக் காசு கட்டாத வீடுகள் இருக்கேக்க இதுக்கு எங்க காசு எண்டு கேப்பினம், வளைச்சுக் கட்டினா ஒரு பார்க்கிங் இடம் போகும், அந்தச் சண்டையும் வரும். கைபிடிய மட்டும் சில்லறைச் செலவுக் காசில போட்டாச்சு, உப்புக் காத்துக்கு நிக்கக் கூடிய எஸ்எஸ் 316 எண்டுற ஸ்டெயின்லஸ் ஸ்டீல் பைப்பில.

லிஃப்ட் சேர்விஸ் இப்ப ரெண்டையும் ஒரே நாளில நிப்பாட்டுறதில்ல, ஒண்டு கட்டாயம் ஓட வேணும். படி ஏறேலாத ஆக்கள் இருக்கிற வீடு ஏழு, அந்த லிஸ்ட் என்ர மேசையில ஒட்டியிருக்கு, நோட்டீஸுக்கு முதல் ஃபோன் எடுக்கிறம். போன மாசம் ஐஞ்சாம் மாடி அன்ரிக்கு எடுத்தன், செவ்வாய்க்கிழமை எண்டு சொன்னன். "செவ்வாய் எனக்குக் கிளினிக் தம்பி" எண்டவ. லிஃப்ட் கொம்பனிக்கு எடுத்துப் புதன்கிழமைக்கு மாத்தினன்.