கேற்றடியில் எடுத்த புத்தகங்கள்

கொரோனாவுக்காக 2021 மே 21ஆம் திகதி இலங்கை முழுவதும் போட்ட பயணத்தடை ஜூன் 21இல் தளர்ந்தது. கடைகள் அன்றைக்கே திறந்துவிட்டன. எங்கள் நூலகம் திறக்க மேலும் சில நாள் எடுத்தது. திறந்தபோதும் உள்ளே யாரையும் விடவில்லை. கேற்றுக்குள் ஒரு மேசையைக் குறுக்கே போட்டு, இரவல் மட்டும் கொடுத்தார்கள். பத்திரிகைப் பகுதி பூட்டு, உசாத்துணைப் பகுதி பூட்டு, சிறுவர் பகுதிக் கதிரைகள் எல்லாம் சுவரோடு அடுக்கிக் கிடந்தன. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிப் புத்தகம் எடுத்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் இருப்பது வன்னியில், பரந்தனுக்கும் விசுவமடுவுக்கும் இடையில், ஏ-35 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. நூலகம் பிரதேச சபைக்கு உரியது. இதைத் தெரியாமல் பலர் பாடசாலை திறந்தால் நூலகமும் திறக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்தைத் திறப்பதும் பூட்டுவதும் சபையின் முடிவு, சுகாதாரப் பகுதியும் சரி சொல்ல வேண்டும். ஆகவே ஒரு சபையின் நூலகம் திறந்திருக்கும்போது பக்கத்துச் சபையின் நூலகம் பூட்டியே இருக்கலாம். போகுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது நல்லது என்பதை எல்லோரும் அப்போது பழகிக்கொண்டோம்.

மகள் அப்போது ஏழாம் வகுப்பு. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அதுவும் அவளுடைய அப்பா வேலைக்குக் கொண்டுபோவது. பாடங்கள் வட்ஸ்அப்பில் வரும், சில ஆசிரியர்கள் சூம் வைப்பார்கள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, கிணற்றடிக்குப் போனால் ஒரு கோடு வரும். பின்னேரம் அப்பா வந்த பிறகு போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருப்பாள். படம் ஏற்றி முடிய டேட்டாவும் முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுவதும் சும்மா. மாமிக்கும் அதே நிலைதான். கோயில் இல்லை, செத்தவீடு கலியாணவீடு இல்லை, கதைக்க வருபவர்களும் வேலியோடு நின்று போய்விடுவார்கள்.

வீட்டிலோ புத்தகம் என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. வன்னியில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். 2009இல் போரில் இடம்பெயர்ந்து இதே வீதியால் கிழக்கே போகப் போக ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனோம், முதலில் விட்டது பாரமானவற்றை. புத்தகம் பாரம். மீள்குடியேறி வந்து வீடு கட்டி, கிணறு இறைத்து, ஆடு மாடு வாங்கிய பிறகும் புத்தக அலுமாரி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு நூலகம்தான் அலுமாரி.

முதலாவது ஊரடங்கு வந்தபோது, அதாவது 2020 மார்ச் 20 மாலை, என்னிடம் நூலகப் புத்தகங்கள் இருந்தன. திகதித் துண்டில் அடித்திருந்த திகதி வந்து, தாண்டி, வாரங்கள் போயின. தண்டம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே திரும்பக் கொண்டுபோனேன். நூலகர் மிஸ் துண்டைப் பார்க்கவே இல்லை. “நாங்கள் பூட்டி வைச்சிட்டு உங்களிட்டத் தண்டம் கேக்கிறதோ?” என்றார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. வேறொரு நூலகத்தில் தண்டம் வாங்கித்தான் விட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் கோபப்பட்டார். கோபப்படத்தான் வேண்டும்.

2021இல் மகளுக்கும் மாமிக்கும் தனித்தனி அங்கத்துவம் எடுக்க முடிவு செய்தேன். ஒரு அட்டைக்கு இத்தனை புத்தகம்தான் என்று வரையறை உண்டு, அடுத்த முறை எப்போது பூட்டுவார்கள் என்று சொல்ல முடியாத காலம். விண்ணப்பப் படிவத்தை மேசையடியில் வாங்கினேன். அதில் கிராம அலுவலர் உறுதிப்படுத்த ஒரு இடம், பிணையாளருக்கு ஒரு இடம். சாதாரண காலத்தில் ஒரு காலைப்பொழுது வேலை இது. ஆனால் அந்த ஜூன் மாதம் ஜீ.எஸ். (கிராம அலுவலர்) அலுவலகத்தில் அரசின் 5,000 ரூபாய் நிவாரணக் கொடுப்பனவுக்குப் பெயர் பதிய ஊரே நின்றது. பெயர் விடுபட்டவர்கள் அழுதுகொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் நிற்கிற வரிசையில் நூலகப் படிவத்தோடு போய் நிற்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கையெழுத்து வைத்தபோது ஜீ.எஸ். நிமிர்ந்து பார்த்து, “காசு கேளாமல் வந்த ஆள் நீங்கள் ஒராள்தான்” என்று சிரித்தார். பிணைக்கு அரச உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும் என்றார்கள். மகளின் ஆசிரியை ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார், அவர் வேலிக்கு மேலால் படிவத்தை வாங்கித் தன்னுடைய பேனையால் கையெழுத்து வைத்துத் தந்தார். பேனை கைமாறுவதற்கும் பயந்த நாட்கள்.

சரி, அட்டை வந்தது. புத்தகத்தை எப்படித் தெரிவு செய்வது? அதுதான் பெரிய சிக்கல்.

மேசையில் வெட்டிய கடதாசித் துண்டுகள் இருக்கும். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே போய் எடுத்து வருவார்கள். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் நூலகத்துக்குப் போகிற நாங்கள் யார் பெயரையாவது, நூலின் பெயரையாவது நினைத்துக்கொண்டா போகிறோம்? தட்டு முன்னால் நின்று, ஒன்றை உருவி, பின்பக்க அட்டையை வாசித்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்து, வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பதை எடுத்து வருகிறோம். துண்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாது என்பது விளங்கியது. “ஒரு நாவல். பிள்ளைக்குக் கதைப் புத்தகம். வயது போனவருக்குப் பெரிய எழுத்தில் ஏதும்” என்று எழுதினேன். மேசையில் நின்றவர் புதிதாக வந்த உதவியாளர் தங்கச்சி. கொண்டுவந்து தந்தது எனக்கு ஒரு போட்டிப் பரீட்சை வினாவிடை, மகளுக்கு முன்பள்ளிப் படப்புத்தகம், மாமிக்குச் சோதிட நூல். மாமி மட்டும் திருப்தி.

அடுத்த முறை நூலகர் மிஸ் நின்றார். துண்டைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். “பிள்ளை கடைசியா என்ன வாசிச்சவ? முடிச்சவவோ, பாதியில விட்டவவோ?” என்று கேட்டார். மகள் பாதியில் விட்ட கதையைச் சொன்னேன், ஏன் விட்டாள் என்றும் சொன்னேன். உள்ளே போனவர் வர நேரம் எடுத்தது. வரும்போது கையில் மூன்று, அதில் ஒன்றின் முதுகு பிய்ந்து மண்ணிறத் துணி ஒட்டியிருந்தது. “இதை ஒருத்தரும் எடுக்கிறேல்லை, முதுகில பேர் இல்லை எண்டு. குடுத்துப் பாருங்கோ.” மகள் அதைத்தான் இரண்டு தரம் வாசித்தாள். அன்றிலிருந்து நான் மிஸ் நிற்கிற நாளைக் கேட்டுத்தான் போவேன். அந்த நூலகத்துக்குக் கணினிப் பட்டியல் கிடையாது. இருந்திருந்தாலும் அந்தப் பெயரில்லாத புத்தகத்தை அது எனக்குத் தந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வரிசை நீளத் தொடங்கியதும் மிஸ் இன்னொரு வழி செய்தார். தன் போனால் ஒவ்வொரு தட்டையும் படம் பிடித்து, கேட்டவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். வீட்டிலிருந்தே பார்த்து இலக்கத்தை அனுப்பினால் எடுத்து வைத்திருப்பார். இந்த இலக்கம் பற்றி முன்பு நான் கவனித்ததே இல்லை. நூலகங்கள் டூயி என்ற பகுப்பு முறையில் அடுக்குகின்றன, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதற்குப் பின்னால் 1 வந்தால் கவிதை, 2 வந்தால் நாடகம், 3 வந்தால் கதையும் நாவலும். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் முதுகுகளில் பெயர் தெரியாது, பாதிக்கு மேல் மறுகட்டு கட்டியவை. ஆனால் அடியில் ஒட்டிய வெள்ளைத் துண்டில் இலக்கமும் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளும் தெரியும். கிணற்றுக் கட்டில் மகளும் நானும் தலையை முட்டிக்கொண்டு அந்த எழுத்துகளை வைத்து யாராக இருக்கும் என்று ஊகிப்போம். 2020க்கு முன்பு அவள் எழுத்தாளர் பெயர் எதையும் கேட்டதில்லை.

திருப்பிக் கொடுக்கிற புத்தகங்களை யாரும் கையால் வாங்க மாட்டார்கள். மேசைக்குப் பக்கத்தில் காட்போட் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கிழமையின் பெயர். திங்கள் வந்தவை திங்கள் பெட்டியில் மூன்று நாள் கிடந்துதான் தட்டுக்குப் போகும். பம்பைமடு தனிமைப்படுத்தல் முகாமில் ஆட்களை வைத்தது போலப் புத்தகங்களையும் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையில் பகிடி. இந்த மூன்று நாள் கணக்குச் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் நூலகங்களுக்காகவே நடத்திய ஆய்வு ஒன்றில், தனித்தனியாக வைத்த புத்தகங்களின் அட்டையிலும் உள்தாளிலும் மூன்று நாளுக்குப் பிறகு வைரஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2020 ஜூனில் அறிவித்திருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தபோது கூடுதல் நாள் இருந்ததாகப் பிறகு வந்த சோதனைகள் சொல்லின. நாங்கள் பெட்டியில் போட்டதோ அடுக்கித்தான்! ஆனால் 2021 ஏப்ரலிலேயே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், பொருட்களைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு ஒவ்வொரு தொடுகைக்கும் 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. காற்றுத்தான் ஆபத்து, கடதாசி இல்லை. அந்தச் செய்தி எங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை, பெட்டிகள் கடைசிவரை இருந்தன. வெளியில் வரிசையில் நிற்கவைத்ததுதான் எங்களை உண்மையில் காப்பாற்றியிருக்கும்.

பெட்டியால் புத்தகத்துக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுத்தது வாசகர்கள்தான். சனிடைசரை விசிறித் துடைத்த புத்தகம் ஒன்று எனக்கு வந்தது. அட்டையின் பளபளப்புத்தாள் குமிழ் குமிழாக எழும்பி, உள்ளே சபையின் ஊதா முத்திரை கரைந்து அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. வேறொருவர் முற்றத்து வெயிலில் விரித்துக் காயவைத்திருக்கிறார், பசை உருகிப் பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்தன. இரவல் புத்தகத்துக்கு எதையும் பூசாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். பயமாக இருந்தால் சில நாள் மேசையில் சும்மா கிடக்க விடுங்கள், போதும்.

“நூலகம் டொட் ஓர்க்கில் எல்லாம் கிடக்குத்தானே” என்று யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி சொன்னான். உண்மைதான். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் மின்வருடி இலவசமாகப் போடுகிறார்கள், பெரிய வேலை. நான் சில இறக்கி வாசித்தேன். ஆனால் இங்கே அதற்கும் டேட்டா வேண்டும், போன் வீட்டில் நிற்க வேண்டும். மாமி திரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, “பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தில் விளக்கில வாசிச்சனான், இது அதை விட மோசம் பிள்ளை” என்று கையால் தள்ளிவிட்டார்.

ஓகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. அன்றிரவு 10 மணியிலிருந்து நாடு முழுவதும் மீண்டும் பூட்டு என்று செய்தி வந்தது. நகரத்தில் சனம் அரிசிக்கும் மருந்துக்கும் ஓடியது. எனக்கு மிஸ்ஸிடமிருந்து அழைப்பு: “உங்கட இலக்கங்கள் எடுத்து வைச்சிருக்கிறன், மூண்டு அட்டையும் கொண்டு கெதியா வாங்கோ.” சைக்கிளில் போனேன். ஒரு சொப்பிங் பை நிறைய, வரையறைக்கு மேலேயே. எல்லாவற்றிலும் ஒரே திகதியை அடித்தார். அந்தத் திகதியால் ஒரு பயனும் இருக்கவில்லை. 30 வரை என்றார்கள், பிறகு செப்டெம்பர் 6, பிறகு 13, பிறகு 21, கடைசியில் ஒக்டோபர் 1.

அந்தப் பை முடிந்துபோன பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எங்கள் ஒழுங்கையில் இன்னும் சில வீடுகளிடம் நூலகப் புத்தகம் இருந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். இரவல் எடுத்ததைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்ட விதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாத்துங்கோ, ஆனா எந்தப் பதிவிலக்கம் ஆரிட்டப் போகுது எண்டு எனக்கு உடனே அனுப்புங்கோ” என்றார். புத்தகங்கள் படலையில் தொங்கும் பையில் வீடு வீடாகப் போயின. மிஸ் தன் வீட்டில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒக்டோபரில் திறந்தபோது ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. மாடு கடித்த ஒன்றைத் தவிர, அதற்கு உரிய வீட்டார் விலை கட்டினார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள், மேசை போனது, வட்ஸ்அப் படங்களும் நின்றன. வயது போனவர்களுக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கும் படம் அனுப்பி எடுத்து வைக்கிற முறையைத் தொடரலாமே என்று கேட்டேன். தன்னால் தனியே முடிவெடுக்க ஏலாது, சபைக்கு எழுதுங்கள் என்றார் மிஸ். எழுதினேன். பதில் வரவில்லை, இதற்கிடையில் மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. ஆனால் படிவத்தில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது: அங்கத்தவர் வர முடியாவிட்டால், தனக்குப் பதிலாக இன்னார் எடுப்பார் என்று கையெழுத்திட்ட கடிதத்தோடு அட்டையைக் கொடுத்துவிடலாம். எங்கள் நூலகத்தில் ஏற்கிறார்கள். உங்கள் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். மாமிக்கு நான் அப்படித்தான் எடுக்கிறேன், துண்டில் இலக்கம் எழுதி.