ஸ்காட் ரோட்டில் ஒரு 555 நோட்டு

2023 பெப்ரவரியில் கோலாலம்பூருக்கு வந்து இறங்கியபோது, இந்த ஊரில் எனக்கு றகர் கதைக்க ஆள் கிடைக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. ரக்பி என்றுதான் எழுதுகிறோம். ஆனால் கண்டியில் பிறந்தவர்களின் வாயில் அது றகர்தான். நித்தவெல மைதானத்தில் கண்டி அணி ஆடும் நாள் என்றால் எங்கள் தெருவில் சாப்பாட்டு நேரமே மாறிவிடும். அப்பா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட உறவினர்களுக்கு அவர் பதில் சொன்னதேயில்லை.

அப்பாவுக்கு இன்னொரு அணியும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் தேசிய அணி வாலபீஸ். 1999 நவம்பர் 6ஆம் திகதி கார்டிஃப் நகரில் பிரான்ஸை 35–12 என்று வென்று, இரண்டாவது முறையாக உலகக் கிண்ணத்தை எடுத்தார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. கேப்டன் ஜான் ஈல்ஸ் கிண்ணத்தைத் தூக்கியதும் அப்பா என்னைத் தூக்கினார். அந்த உயரம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அது என் அணியும்தான்.

கோலாலம்பூரில் எனக்கு வேலை கேஎல் சென்ட்ரல் பக்கம். அறை பிரிக்ஃபீல்ட்ஸில், ஸ்காட் ரோட்டில், கந்தசுவாமி கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில். வீட்டுக்கார அங்கிளுக்கும் அன்ட்டிக்கும் எழுபதை நெருங்கும் வயது. அங்கிளின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேயில் வேலை பார்க்க வந்தவர். மூன்று தலைமுறையில் அவர்களுடைய தமிழ் வேறு ஒன்றாகிவிட்டது. நான் கதைப்பேன், அவர்கள் பேசுவார்கள். வந்த மறுநாள் காலையில் அன்ட்டி, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார். "எனக்குப் பசியில்லை அன்ட்டி" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுவது என்றுதான் பெயர் என்பதை ஒரு வாரம் கழித்து, ஆபீஸில் ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் நானாகவே போய் மேசையில் உட்கார்ந்து, பசியாற என்ன இருக்கிறது என்று கேட்டேன். அன்ட்டி இரண்டு தோசை கூடுதலாக வைத்தார்.

ஆபீஸில் எல்லோரும் பூப்பந்து பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் காற்பந்து. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் இரண்டிலும் நான் விருந்தாளி. ஐந்து மாதம் இப்படியே போனது.

ஜூலை 8, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் படுக்கையில் கிடந்தேன். கதவுக்கு வெளியே, டிவியிலிருந்து ஒரு நடுவரின் குரல் கேட்டது: "க்ரவுச்... பைண்ட்... செட்!" இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் போடுவதற்கு முன் நடுவர் சொல்லும் மூன்று சொற்கள். உலகத்தில் வேறெதற்கும் அந்த மூன்றையும் அந்த இடைவெளி விட்டுச் சொல்லமாட்டார்கள். போர்வையோடு எழுந்து கூடத்துக்குப் போனேன். அங்கிள் கைலியும் மேலே ஒரு பழைய மஞ்சள் ஜெர்சியுமாக உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பட்டை வெளுத்து, மார்பில் கங்காரு படம் உரிந்துபோன ஜெர்சி. அன்ட்டி பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் வைத்திருந்த வாசம் அந்த மூலை முழுக்க இருந்தது.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

"நான் கண்டி, அங்கிள்" என்றேன். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

எண்பதுகளில் சிட்னியில் பொறியியல் படித்தவர் அவர். 1984இல் வாலபீஸ் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போய் இங்கிலாந்து, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து நான்கையும் வென்றதை மாணவர் விடுதியில் தூங்காமல் பார்த்தவர். மார்க் எல்லா என்ற ஆட்டக்காரர் அந்த நான்கு ஆட்டத்திலும் ஒவ்வொரு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்டதைச் சொல்லும்போது கையைக் காற்றில் நீட்டி, பந்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பதையே செய்து காட்டுவார். அந்தக் கை எப்படி நடுங்காமல் நீண்டது என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியம். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது நடுங்கும் கை அது.

அன்று பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்கா 43, ஆஸ்திரேலியா 12.

ஆட்டம் முழுக்க அங்கிளின் மடியில் ஒரு 555 நோட்டு இருந்தது. இங்கே மளிகைக் கடைகளில் கடன் எழுதி வைக்கும், உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு. அதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். அணி விதி மீறிக் கொடுத்த ஒவ்வொரு பெனால்டிக்கும் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு, பக்கத்தில் காரணம்: ரக்கில் கை வைத்தது, ஆப்சைட், ஸ்க்ரம் சரிந்தது. உயரத்திலிருந்து வரும் பந்தைப் பிடிக்காமல் விட்டால் ஒரு வட்டம். புள்ளிகளை அவர் எழுதுவதில்லை. புள்ளிகளை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பார்.

அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் என் கோபம் எதைப் பற்றியது என்று எனக்கே பிடிபட்டது. தோற்பது எல்லா அணிக்கும் வரும். இரண்டு நாடும் மோதும் பிளெடிஸ்லோ கிண்ணத்தை நியூசிலாந்திடம் 2003இல் விட்ட பிறகு இன்றுவரை திரும்ப எடுக்க முடியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரணி வலிமையான அணி. ஆனால் நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கத்திலும் இந்த வாரத்துப் பக்கத்திலும் ஒரே காரணம் ஒரே கையெழுத்தில் இருப்பதை எப்படிப் பொறுப்பது? சம்பளம் வாங்கி, நாள் முழுக்கப் பயிற்சி செய்யும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அவர்கள்.

அந்த வருடம் அப்படித்தான் போனது. சிட்னியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக, கடைசி நிமிடங்களில் மார்க் நவாகனிடவாசே எதிராளியின் பாஸை இடையில் பறித்து மைதானத்தின் மறுகோடிவரை ஓடினார். 31–27. அங்கிளும் நானும் எழுந்து நின்றோம். உட்காருவதற்குள் அர்ஜென்டினா ஒரு ட்ரை போட்டு 34–31 ஆக்கிவிட்டது. நியூசிலாந்தின் டனேடினில் நடந்த ஆட்டம் இங்கே சனிக்கிழமை காலை பத்தரைக்கு. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்தோம். இடைவேளையில் ஆஸ்திரேலியா 17–3 முன்னிலை. முடிவில் நியூசிலாந்து 23–20. இட்லி அப்படியே இருந்தது.

அப்புறம் உலகக் கிண்ணம். ஜனவரியில்தான் கோச் டேவ் ரென்னியை அனுப்பிவிட்டு எடி ஜோன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் 125 ஆட்டம் ஆடிய மைக்கேல் ஹூப்பரையும் குவேட் கூப்பரையும் விட்டுவிட்டு, இளையவர்களோடு பிரான்ஸுக்குப் போனார். ஃபிஜி ஆட்டத்துக்கு முன் கேப்டன் வில் ஸ்கெல்டனுக்கும் டனியெலா டூபோவுக்கும் காயம். களத்தில் பொடியன்களை அமைதிப்படுத்த ஒரு பெரியவர் இல்லை. இதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. இளையவர்களை வளர்ப்பது சரி, ஆனால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வைத்து வளர்க்க வேண்டும்.

ஃபிஜி ஆட்டம் செப்டம்பர் 17, ஞாயிறு இரவு பதினொன்றே முக்காலுக்கு. அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் இணையம் இல்லை. என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் மாமாக் கடைக்கு, அதாவது இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே பெரிய திரையில் எவர்ட்டன் – ஆர்சனல் காற்பந்து. கடை நிறைய ஆட்கள். மூலை மேசையில், கைபேசி இணையத்தில், எங்கள் சின்னத் திரை. அங்கிளுக்குச் சர்க்கரை போடாத தே ஓ என்ற பால் இல்லாத தேநீர், எனக்குத் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஃபிஜி ஒரு பந்தை உயரத் தூக்கி உதைத்தது. பிடிக்க வேண்டியவர் பிடிக்கவில்லை. தரையில் பட்டுக் குதித்த பந்து ஜோசுவா துய்சோவாவின் கையில் போய் உட்கார்ந்தது. அவர் ஓடிப்போய் ட்ரை போட்டுவிட்டார். அங்கிள் சத்தமே போடவில்லை. நோட்டில் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பேனாவைச் சுற்றினார், தாள் கிழியும்வரை.

கொஞ்சம் பொறுத்து ஆர்சனல் கோல் போட்டது. கடையே குதித்தது. எங்கள் மேசையில் மட்டும் இரண்டு பேர் தலையைக் குனிந்து இருந்தோம். 22–15. 1954க்குப் பிறகு ஃபிஜி ஆஸ்திரேலியாவை வெல்வது அதுதான் முதல் தடவை. ஃபிஜிக்காரர்கள் அழுததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். மேசை துடைக்க வந்த ராமநாதபுரத்துத் தம்பி, "என்னாச்சுக்கா, ஊர்ல ஏதும் பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டான். இல்லை தம்பி, எங்கள் டீம் தோற்றுவிட்டது என்றேன். அவன் சிரிக்கவில்லை. இன்னொரு தே ஓ கொண்டுவந்து அங்கிள் முன்னால் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று போனான். இந்த ஊர் எனக்குப் பழகியது எப்போது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கோப்பையைத்தான் சொல்வேன்.

அடுத்த வாரம் வேல்ஸ். திங்கள் விடியற்காலை மூன்று மணி. கண்டியில் அப்போது பன்னிரண்டரை. அப்பாவும் விழித்திருந்தார், வாட்ஸ்அப்பில் அவர் அழைப்பைத் திறந்தே வைத்திருந்தோம். மூன்றாவது நிமிடத்தில் வேல்ஸ் முதல் ட்ரை. அதன் பிறகு கேரத் அன்ஸ்கம் உதைத்த பந்து திரும்பத் திரும்பக் கம்பங்களுக்கு நடுவே போனது. அவர் ஒருவர் மட்டும் 23 புள்ளி. 40–6. மைதானத்துத் திரையில் எடி ஜோன்ஸின் முகம் வந்தபோதெல்லாம் பார்வையாளர்கள் ஊளையிட்டார்கள். அப்பா, "சரி மகள், நீ வேலைக்குப் போகவேணும், படு" என்றார். அங்கிளும் அப்பாவும் முதல் தடவையாகப் பேசிக்கொண்டது அன்றுதான். ஆளுக்கு இரண்டு வசனம், அவ்வளவுதான். அன்ட்டி எழுந்து வந்து மூன்று மக்கில் மைலோ கலக்கினார். அந்த உலகக் கிண்ணத்தில்தான் ஆஸ்திரேலியா முதல் தடவையாகக் குழுச் சுற்றிலேயே வெளியேறியது. அக்டோபர் முடிவதற்குள் எடியும் பதவியை விட்டுவிட்டார். அந்த வருடம் ஒன்பது ஆட்டத்தில் இரண்டு வெற்றி.

அன்று காலை ஆபீஸில் என் கண்ணைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசை மலாய்ப் பெண் விசாரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். ரக்பி பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மலேசியப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக்கிலும் இறுதி ஆட்டம்வரை போய் மூன்றிலும் தோற்றதை அவள் வயதுக் கணக்கோடு சொன்னாள். முதல் தடவை பள்ளிக்கூடத்தில், இரண்டாவது தடவை கல்லூரியில், மூன்றாவது தடவை இதே ஆபீஸில். அதற்குப் பிறகு அவர்கள் பூப்பந்து பேசும்போது நான் விருந்தாளியாக இருக்கவில்லை.

ஆட்டக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை என்பது அங்கிளின் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஓடத் தெரிந்த பிள்ளையைப் பிடிக்க ரக்பி லீக் என்ற வேறு வகை ரக்பியும் ஆஸ்திரேலிய காற்பந்தும் வாசலில் நிற்கின்றன. இருக்கும் ஆட்களை சூப்பர் ரக்பி என்ற தொழில்முறைப் போட்டியில் ஆடும் ஐந்து அணிகளுக்குப் பிரித்துப் போட்டு மெலிய விட்டார்கள். அவற்றில் ஒன்றான மெல்பர்ன் ரெபெல்ஸ் 2024இல் மூடப்பட்டது. நாங்கள் எழுந்து நின்று பார்த்த அந்த நவாகனிடவாசேயும் லீக் பக்கம் போய்விட்டார். கோச்சை மாற்றுவது சுலபம். பள்ளிக்கூட மைதானத்திலிருந்து தேசிய அணிவரைக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுப்பது கஷ்டம். கஷ்டமானதைச் செய்யாமல் சுலபமானதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

2024 செப்டம்பரில் சாண்டா ஃபேயில் அர்ஜென்டினா 67, ஆஸ்திரேலியா 27. இடைவேளையில் முன்னிலையில் இருந்துவிட்டு, இரண்டாம் பாதியில் மட்டும் 50 புள்ளி கொடுத்தார்கள். வாலபீஸ் ஒரே ஆட்டத்தில் இவ்வளவு புள்ளி கொடுத்ததேயில்லை. இனிமேல் பார்க்கமாட்டேன் என்று அங்கிளிடம் சொல்லிவிட்டு அறைக்குப் போனேன். அடுத்த ஆட்டம் வந்த சனிக்கிழமை அவர் என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக மெர்டேக்கா சதுக்கம்வரை நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அந்தத் திடலில் தான் சின்னப் பையனாக றகர் பார்த்ததையும், 1921இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல்காரர்கள் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என்று இரண்டு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனதையும் சொல்லிக்கொண்டே வந்தார். காற்பந்துக் கிண்ணம்தான் பிறகு மலேசியக் கிண்ணமானது. ரக்பிக் கிண்ணத்தை இங்கே யாரும் பேசுவதில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. வீடு திரும்பியதும் நானே போய் டிவியைப் போட்டேன்.

2025 ஆகஸ்ட் 16, தென்னாப்பிரிக்காவின் எல்லிஸ் பார்க் மைதானம். இருபது நிமிடத்துக்குள் தென்னாப்பிரிக்கா 22–0. அங்கிள் நோட்டை மூடிவிட்டார். அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆஸ்திரேலியா 38. அந்த மைதானத்தில் 1963க்குப் பிறகு முதல் வெற்றி. நாங்கள் போட்ட சத்தத்தில் அன்ட்டி அங்கிளுக்கு நெஞ்சு வலி என்று நினைத்து ஓடிவந்தார். மூச்சு வாங்க அங்கிள் எழுதியதைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு, ஒரு வட்டம், அதற்குக் கீழே நீலப் பேனாவில் முதல் தடவையாகப் புள்ளி: 38–22.

நவம்பரில் ஐரோப்பாவில் நான்கு ஆட்டம். இங்கிலாந்து, இத்தாலி, அயர்லாந்து, பிரான்ஸ். நான்கும் தோல்வி. அதே கோடு, அதே வட்டம். திட்டித் தீர்த்தோம், இத்தாலி ஆட்டத்துக்கு விடிய விடிய.

டிசம்பரில் 2027 உலகக் கிண்ணத்துக்குக் குழு பிரித்தார்கள். நடத்துவது ஆஸ்திரேலியாதான். ஒரே குழுவில் நியூசிலாந்து. அதைக் கேட்டதும் அங்கிள் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அலமாரியைத் திறக்கும் சத்தம், பாச்சை உருண்டை வாசம். ஜெர்சியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டோடு வந்தார். அது 2019இலேயே காலாவதியாகிவிட்டது.

"முட்டி வலி இருக்கே அங்கிள், விமானத்தில் எட்டு மணி நேரம் உட்கார முடியுமா?"

"நடைபாதை ஓரம் சீட் எடு" என்றார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு அவரைக் குடிநுழைவு இலாகாவுக்குக் கூட்டிப் போனேன். எண் வரும்வரை இரண்டு மணி நேரம். அவர் நோட்டையும் கொண்டுவந்திருந்தார்.