அப்பாவின் பல் செட்

ஜனவரி 6

அப்பாவின் பல் செட்டை இன்று வாங்கி வந்தோம். மேலும் கீழும் முழு செட். ஈறில் அளவெடுப்பது, மெழுகில் கடி பார்ப்பது என்று ஐந்து நடை அலைந்திருக்கிறோம். கண்ணாடியைப் பார்த்து “நல்லாதான்ம்மா கீது” என்றார். தண்டையார்பேட்டை வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டார்.

ஜனவரி 9

எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. பேச்சு குழறுகிறது. மேல் செட் பரவாயில்லை, கீழ் செட் மிதக்கிறது. மேலே அண்ணம் முழுக்கப் பரப்பு இருப்பதால் எச்சிலே ஒட்டவைத்துவிடும். கீழே மெல்லிய வரப்பு மட்டும்தான், நாக்கு வேறு தள்ளும், பழகச் சில வாரம் ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்கு இது புரியாமலில்லை. ஆனாலும் “என் வாய்தான் சரியில்ல” என்கிறார்.

ஜனவரி 14

பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். “எங்க, சிரிண்ணா பாப்போம்!” அப்பா சிரித்தார். ஆனால் எல்லோரோடும் சாப்பிட உட்காரவில்லை. அப்புறம் அடுப்பங்கரையில், சுவரைப் பார்த்தபடி, செட் இல்லாமல் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 17

ஈறில் புண். டாக்டர் உரசும் இடத்தைத் தேய்த்துக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியே கேட்டார்: “செட் வேணும்னு முதல்ல சொன்னது யாரு?”

நான்தான். வைகாசியில் அக்கா மகள் கல்யாணம். போட்டோவில் அப்பா பொக்கை வாயோடு நிற்க வேண்டாமே என்று நினைத்தேன்.

செட் கட்ட வருகிறவர்களின் மனப்போக்கை ஹவுஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நான்கு வகையாகப் பிரித்தாராம்: நிதானமானவர், எதிலும் துல்லியம் கேட்பவர், பதற்றக்காரர், அக்கறையில்லாதவர். வீட்டார் வற்புறுத்தலுக்காக வருகிறவர் கடைசி வகை. அவருக்கு செட் எவ்வளவு கச்சிதமாக அமைந்தாலும் பழகுவது கஷ்டம்.

அந்தப் பெயரை அப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. போன ஆடியில் அம்மா தவறினார். அடுத்த மூன்றே மாதத்தில், ஆடிக்கொண்டிருந்த கடைசி ஆறு பல்லையும் எடுத்தாயிற்று. வீட்டில் யாரும் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பல் போனதும் ஒரு இழவுதான்.

ஜனவரி 18

“உனக்கு இன்னா வேணும்பா?” என்று இன்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை.

“அத்தோ துன்னணும்.”

அத்தோ என்றால் பர்மா நூடுல்ஸ். பாரிமுனை செகண்ட் லைன் பீச் தெருவில் அம்மாவும் அவரும் சாப்பிடுவது வழக்கம்.

ஜனவரி 23

கதவைச் சாத்திக்கொண்டு தினத்தந்தியை உரக்கப் படிக்கிறார். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. ‘ஸ’ வருகிற இடத்தில் விசில் அடிக்கிறது. ‘போலீஸ்’ என்பதை நாலு தடவை திருப்பிச் சொன்னார், நாலாவது சுத்தமாக வந்தது. கையில் காபியோடு, கதவைத் தட்டாமல் நின்றிருந்தேன்.

பிப்ரவரி 8

புண் ஆறிவிட்டது. சாயங்காலம் இரண்டு பேரும் அத்தோ கடைக்குப் போனோம். முன்பல்லால் கடிக்கக் கூடாது, சின்னச் சின்னதாக எடுத்து இரண்டு பக்கமும் மெல்ல வேண்டும். முழு செட்டின் கடி பலம் சொந்தப் பல்லில் கால் பங்குதான். அதனால் பேஜோ, அதுதான் அத்தோவில் போடும் அந்த மொறுமொறு வறுவல், நொறுக்கிப் போட வேண்டாம் என்று அவரே கடைக்காரரிடம் சொன்னார். ஒரு தடவை கீழ் செட் நகர்ந்தது. சுற்றிலும் ஆட்கள். நாக்கால் அழுத்தி நேராக்கிவிட்டு, அடுத்த வாய் எடுத்தார்.