தொடை நல்லாத்தானே இருக்கு, முட்டி எப்படிப் போச்சு?

கோலாலம்பூர் செந்தூலில் நான் வேலை பார்க்கும் பிசியோ கிளினிக்குக்கு முட்டி வீங்கி வரும் காற்பந்துப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, நான் விடாம ஜிம்முக்குப் போறவன். தொடையைப் பாருங்க. யாரும் என் மேல மோதக்கூட இல்ல. சும்மா திரும்பினேன், டப்புன்னு ஒரு சத்தம். எப்படிக்கா லிகமெண்ட் போகும்?"

யாரும் மோதாமல் போவதுதான் அதிகம். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ள முட்டிக்குள் இருக்கும் லிகமெண்ட், அதாவது ஏசிஎல் என்கிற தசைநார், கிழிவதில் பெரும்பகுதி எதிராளி தொடாமலேயே நடக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று திசை மாறுகிறான், அல்லது எகிறிப் பந்தைத் தலையால் முட்டிவிட்டு ஒற்றைக்காலில் இறங்குகிறான். அப்போது முட்டி ஏறக்குறைய நேராக இருக்கிறது. முட்டி அந்த நிலையில் இருக்கும்போது முன்தொடைத் தசை வேகமாகச் சுருங்கினால், கீழ்க்கால் எலும்பை முன்பக்கம் இழுக்கும். அதைப் பின்னால் பிடித்து நிறுத்தும் தசை பின்தொடையில் இருக்கிறது. அதோடு முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொண்டால், பாரம் முழுக்க அந்தத் தசைநார் மேல் வந்துவிடும். கால் தரையில் பட்ட பிறகு ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதாக வீடியோக்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். யோசித்துக் காலைத் திருத்திக்கொள்ள அவகாசமே கிடையாது. உடம்புக்கு முன்கூட்டியே பழகியிருந்தால்தான் உண்டு.

ஜிம்மில் நம் பையன்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். காலை நீட்டித் தூக்கும் மெஷினில்தான். கண்ணாடியில் தெரிவது முன்தொடை, அதனால் அதுதான் வளர்கிறது. பின்தொடையின் வலு முன்தொடையின் வலுவில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஓர் அளவு. அது வேதவாக்கு இல்லை. அளக்கும் வேகத்துக்கும் கருவிக்கும் தகுந்தபடி மாறும். ஆனாலும் பெரிய தொடையோடு வருகிற பையனைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலில் வலுவை அளக்கும் கைக்கருவியை வைத்து, "மடக்கு, விடாதே" என்று சொன்னால் பல நேரம் அவனுக்கே அதிர்ச்சியாகிவிடுகிறது.

அடுத்து, பின்தொடையை வலுவாக்கும் நார்டிக் பயிற்சிக்கு முட்டி போட வைப்பேன். இன்னொருவர் கணுக்கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் உடம்பை முன்னால் மெதுவாகச் சாய்க்க வேண்டும். முதல் நாள் பாதி தூரம்கூட வராது. தொடையின் பின்புறம் நடுங்கும், பிடி விட்டுப்போய்ப் பொத்தென்று இரண்டு கையையும் ஊன்றுவான். அந்த நடுக்கம் தொடங்கும் இடத்தைத்தான் நான் கவனிப்பேன். வாரங்கள் போகப் போக அந்த இடம் தரையை நோக்கி இறங்கும். இந்தப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைத் தசைக் காயங்கள் பாதி அளவுக்குக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அது தசைக் காயத்துக்கான கணக்கு. முட்டித் தசைநாருக்கும் அதே அளவு காப்பு கிடைக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கூடுதல் அக்கறை உண்டு. கோலாலம்பூரில் இப்போது புட்சால் என்கிற சிறு மைதானக் காற்பந்துக் கோர்ட்டுகளில் நம் பிள்ளைகள் நிறைய ஆடுகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பதின்ம வயதில் உயரமும் எடையும் மளமளவென்று கூடுகின்றன, இடுப்புப் பக்கத் தசைகளின் வலு அதே வேகத்தில் கூடுவதில்லை. கண்ணாடி முன்னால் ஒற்றைக்காலில் பாதி உட்காரச் சொன்னால், முட்டி கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் போகும். "முட்டியை ரெண்டாவது விரலுக்கு நேரா வச்சுக்கோ, தங்கச்சி" என்று சொன்னதும் அந்தப் பிள்ளை இடுப்பைத் தொட்டு, "இங்கதான்கா எரியுது" என்கிறது. எரிய வேண்டிய இடம் அதுதான்.

கூட வரும் அம்மாக்கள், "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் வேணாம்னு அப்பவே சொன்னேன், மிஸ்" என்பார்கள். ஆண்ட்டி, விளையாட்டை நிறுத்துவதற்குப் பதில் பயிற்சியைச் சேர்ப்போம் என்பேன். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், முறையான வார்ம்-அப் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. உலகக் காற்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் பெயரில் வரும் அந்த வார்ம்-அப்தான் பிஃபா 11+.

மாலையில் நான் உதவப் போகும் அணியின் கோச் ஓர் அண்ணன். அவருக்கு நீண்டநாள் ஆசை ஒன்று. "உன்கிட்டதான் மெஷின் இருக்கேம்மா, யாருக்கு முட்டி போகும்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லிடு, அவனை மட்டும் தனியா கவனிச்சுக்கலாம்." அது முடியாது, அண்ணே. நார்வேயில் உயர்நிலையில் ஆடும் காற்பந்து, ஹேண்ட்பால் பெண்கள் நூற்றுக்கணக்கானோரின் கால் வலுவை முதலில் அளந்து வைத்துவிட்டு, பிறகு யாருக்கெல்லாம் ஏசிஎல் போனது என்று பல ஆண்டுகள் கவனித்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: வலு குறைந்தவர்களுக்குத்தான் கிழிந்தது என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பயிற்சியால் காயம் குறைகிறது என்பதும் உண்மை, எண்ணைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. எப்படி இறங்குகிறான், எவ்வளவு களைத்திருக்கிறான், ஷூ தரையை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது, முன்பே அடிபட்ட முட்டியா என்று பல சங்கதிகள் இதில் சேர்கின்றன. ஆகவே பெஞ்சில் உட்காருகிறவன் உட்பட அணியில் இருக்கும் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

அளவு எடுப்பது பெரிதும் உதவும் இடம் ஆபரேஷனுக்குப் பிறகுதான். இங்கே கதை தலைகீழாகிவிடும். பெருமையாகக் காட்டிய முன்தொடை சில வாரங்களில் வற்றிப்போயிருக்கும். முட்டியில் வீக்கம் இருக்கும்வரை அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. "இறுக்கு" என்றால் பையன் முகம் சிவக்க முயற்சி செய்வான், என் விரலுக்கடியில் தசை லேசாகத் துடித்துவிட்டு அடங்கிவிடும். பாட்டி உருவிவிட ஆள் கூட்டிவருவார். உருவினால் வலிக்கு இதமாக இருக்கும், தப்பில்லை. வலு மட்டும் அதில் திரும்பாது. பின்தொடையிலிருந்து, தசையை எலும்போடு இணைக்கும் நாண் எடுத்துப் புதுத் தசைநார் வைத்திருந்தால், அங்கேயும் வலுக் குறைவு வெகுநாள் நீடிக்கும்.

ஆறாவது மாதம் வலி இருக்காது. நடப்பான், ஓடுவான், படி ஏறுவான். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்குப் பெயர் போட்டிருப்பார்கள். எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம் முற்றும் மாதம் இதுதான். ஒன்பதாவது மாதம்வரை திரும்பிப் போவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடும் விகிதம் பாதியளவு குறைந்ததாக 2016-இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. மாதக் கணக்கோடு, அடிபட்ட காலின் முன்தொடை மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாதக்கணக்காக விளையாடாததால் நல்ல காலும் வலு இழந்திருக்கும். அதோடு ஒப்பிட்டு 90 வந்துவிட்டது என்று மகிழ்ந்தால், ஏமாற்றமடைவது அந்தப் பையன்தான். ஒற்றைக்காலில் தாவும் தூரத்தை மட்டும் நம்பினாலும் இதே ஆபத்துதான். இடுப்பையும் கணுக்காலையும் வைத்தே தாவிவிடுவார்கள், முட்டி வேலையே செய்திருக்காது. அதனால் நான் தூரத்தோடு, அவன் இறங்கும்போது முட்டி எவ்வளவு மடிகிறது என்பதையும் பார்ப்பேன். விறைப்பாக இறங்கினால், தூரம் எவ்வளவு இருந்தாலும், விளையாடத் திரும்பலாம் என்று கையெழுத்துப் போட மாட்டேன்.

கோச் அண்ணனின் இன்னொரு கவலை நியாயமானது. கோர்ட் வாடகை மணிக்கணக்கில் போகிறது, அதில் 20 நிமிடத்தை வார்ம்-அப்புக்கு எப்படிக் கொடுப்பது? அந்த பிஃபா 11+ திட்டத்தில் ஓட்டமும் திசை மாற்றமும் முதலிலும் கடைசியிலும் வரும், நடுவில் வலு, தாவல், சமநிலைப் பயிற்சிகள். ஆஸ்திரேலியாவில் இந்த நடுப்பகுதியைப் பயிற்சி முடிவுக்கு மாற்றிப் பார்த்தபோதும் காப்பு குறையவில்லை. இப்போது எங்கள் பையன்கள் ஓட்டப் பகுதியைக் கோர்ட்டில் முடித்துவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்து அடுத்த குழு உள்ளே போனதும், வெளியே கார் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்து, ஜோடி ஜோடியாகக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நார்டிக் செய்கிறார்கள். அதற்கு வாடகை இல்லை. வாரம் இரண்டு முறையாவது விடாமல் நடக்க வேண்டும் என்று மட்டும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், மழை பெய்தால் கூரைக்கடியில்.